கல்யாண வாசல் வழியே ஒரு ஆவணப்படம்

மாப்பிள்ளை என்ன படிப்பு? எவ்வளவு சம்பளம்? என்ன மொழி, என்ன மதம்? எல்லாம் வழக்கமான விசாரிப்புதான். கூடவே இன்னும் இரண்டு கேள்விகள்: சிடி4 எனும் நோயெதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை எவ்வளவு, ரத்தத்தில் வைரஸ் அளவு என்ன?

விசாரித்தவர் கல்யாணத் தரகர் அல்ல, சென்னை மருத்துவர் சுனிதி சாலமன். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்குள் அவர் வரன் பார்த்ததை எட்டு ஆண்டுக் காலம் படம்பிடித்தார்கள் ஆன் கிம், பிரியா கிரி தேசாய் என்ற இரு இயக்குநர்கள். 2017-இல் வந்த அந்த ஆவணப்படம் ‘லவ்சிக்’. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே சுனிதி மறைந்துவிட்டார்.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரி சேகரித்தார். கணவரின் ஸ்கூட்டரில் போய்வந்து, மாதிரிகளை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாயின; தொற்றின் அடையாளம் அது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது. 1993-இல் சுனிதி ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார்.

2000-களின் தொடக்கத்தில், எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரமாக, ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்காத சுவர் இல்லை. பேச்சு கிளம்பியது உண்மை. ஆனால் கேள்வி யாரோ ஒரு புள்ளிராஜாவைப் பற்றியது, சிரித்துவிட்டு நகர்ந்தோம். மண்டையோட்டைக் காட்டி மிரட்டும் குறும்படங்களும் அப்படித்தான். நோய் ‘அந்த மாதிரி’ ஆட்களுக்கு வருவது என்றே பார்த்தவர் எழுந்து போவார்.

‘லவ்சிக்’ கல்யாண வாசல் வழியே உள்ளே வருகிறது. வைரஸை மாத்திரையால் அடக்கிவிடலாம்; ‘எப்போ கல்யாணச் சாப்பாடு?’ என்று கேட்கும் அத்தைக்கு என்ன பதில்? எந்த வீட்டுக்கும் இது புதிதில்லை. அதனால்தான் காது கொடுக்கிறோம். சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையாகச் சிகிச்சை எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே. கல்யாணம் பேசும் இடத்தில் சொன்னால், இது பேரப்பிள்ளைக் கணக்காகிவிடும்.

பிற பால்வினை நோய்களுக்கும் இப்படியொரு வாசல் வேண்டும். தொடக்கநிலை சிஃபிலிஸுக்கு ஒரு தவணை பென்சிலின் ஊசி போதும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை இலவசம், 1097-ஐ அழைத்துப் பேசக் கட்டணம் இல்லை. ஆனால் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் கண்ணில் படுவது லாட்ஜ் வைத்தியரின் நோட்டீஸ்தான். படம் முடிந்து விளக்கைப் போட்டதும், கேட்பவருக்குப் பதில் சொல்ல ஒரு செவிலியர் அங்கே இருந்தால், அந்த நோட்டீஸுக்கு வேலை குறையும்.