சடக்கிலும் தீம்பாரிலும் ஓட ஒரு சைக்கிள்



"வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் நிற்கிற காலத்தில் மிதிக்கிற சைக்கிளைப் பற்றி என்னய்யா பேச்சு?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, இந்நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் வியாதி இருப்பதாகக் கண்டது. அதிலும் நம் இந்தியர்களிடம்தான் அதிகம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடம்பு அசையவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாளுக்கு அரை மணி, வாரத்தில் 5 நாள் சைக்கிள் மிதித்தால் அந்தக் கணக்குத் தீர்ந்தது.

நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று இரண்டு ஊர். அப்பா அம்மா தோட்டத்தில், பிள்ளை சாலாக் செலாத்தான் அடுக்குமாடியில். அங்கே தார்ச் சடக்கு, கம்பிச் சடக்கு ஸ்டேஷனுக்குப் போகவர ஒரு வண்டி வேண்டும். இங்கே செம்மண் பாதை, மழை பெய்தால் சேறு. இரண்டு சைக்கிள் வாங்க யாரிடம் காசு இருக்கிறது? இரண்டுக்கும் ஒன்றாகத் தேடவேண்டியதுதான்.

முதலில் டயரைப் பாருங்கள். பந்தய சைக்கிளின் 25 மில்லிமீட்டர் டயர் செம்மண்ணில் புதையும். 55 மில்லிமீட்டர் முள்டயர் தாரில் இழுக்கும், காலை உடைக்கும். நமக்கு 38 முதல் 45 வரை போதும். நடுவில் வழவழப்பு, ஓரத்தில் மட்டும் முள் உள்ளதைக் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் காற்றின் அளவு அச்சிட்டிருக்கும். தாருக்கு அந்த அளவின் மேல்பக்கம், மண்பாதைக்குக் கீழ்ப்பக்கம் அடியுங்கள். கைவலி பாதி குறையும்.

இங்கே ஒரு ஏமாற்றம் உண்டு. "26 இஞ்ச்" என்று எழுதிய டயரெல்லாம் ஒன்றல்ல. தாத்தா காலத்து 26 × 1⅜ டயர் 590 மில்லிமீட்டர் ரிம்முக்கு. மலைச் சைக்கிளின் 26 × 1.75 டயர் 559 ரிம்முக்கு. ஒன்று மற்றொன்றில் ஏறாது. பழைய வண்டி வாங்குவோர் அந்த மூன்று இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

(டயர் என்றதும் ஒரு விஷயம். 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பான் படை சைக்கிளிலும் வந்தது. டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். உலகத்துக்கே ரப்பர் கொடுத்த நாட்டில்!)

முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த வண்டிதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கும். புக்கிட் கியாராவில் பார்த்திருப்பார்கள். அதுவும் முன்பு ரப்பர் தோட்டம்தான். 1980-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பால்மரக் காட்டு வேர்களின்மேல் இன்று மலைச் சைக்கிள்காரர்கள் துள்ளுகிறார்கள். அந்தத் துள்ளலுக்கு நல்ல ஸ்பிரிங் வேண்டும், விலையும் அதிகம். மலிவான ஸ்பிரிங்கோ வெறும் பாரம். மிதிக்கிற பலத்தையும் அதுவே தின்றுவிடும். நம் பாதைக்கு ஸ்பிரிங் இல்லாத இரும்பு ஃபோர்க்கே மேல் என்பது என் கருத்து. பிரேக் மட்டும் டிஸ்க்காக இருக்கட்டும். மழையில் ரிம்மில் சேறு ஒட்டினால் ரப்பர்க் கட்டை பிடிக்காது.

மேடு ஏற, பின்னாலுள்ள பெரிய பல்சக்கரத்தில் முன்சக்கரத்துக்குச் சமமான பல் இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

இனி உடம்புக்கு வருவோம். "முட்டி வலிக்குது, சைக்கிள் ஒத்துக்கலே" என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் சீட்டின் உயரம். சீட்டு தாழ்ந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். உயர்ந்தால் பின்பக்கம் இழுக்கும், இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீளவேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். காலை ஊன்றி நிற்கையில் மேல் பாருக்கும் உடம்புக்கும் நடுவே மூன்று விரற்கடையாவது இடைவெளி வேண்டும். மண்பாதையில் திடீரென்று இறங்கினால் அடிபடாது. அண்ணனுக்குப் பொருந்தும் வண்டி தங்கச்சிக்குப் பொருந்தாது. "நாளைக்கு வளர்ந்திடுவான்" என்று பெரிய வண்டி வாங்கித் தராதீர்கள். கீழே விழுவது இன்றைக்கு.

விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்கள் முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு இல்லாமல் சடக்கில் ஏறவேண்டாம். லாரிக்காரர் கண்ணுக்குக் கறுப்புச் சட்டை தெரியாது. தலைக்கவசம் வாங்குகிற காசையும் சைக்கிள் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இனிப்புநீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் மிதிக்கக் கூடாது. சட்டைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் உடனே இறங்கி, நிழலில் உட்கார்ந்து, மிட்டாயை வாயில் போடுங்கள். செருப்போடு மிதிக்காமல் மூடிய சப்பாத்து போடுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று விரல் இடுக்குவரை பாருங்கள். உங்கள் கண்ணுக்கு எட்டாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.