தாடை அறுவைச் சிகிச்சைக்கு முன் ஈறு



சபைகளிலிருந்து வரும் உதவி விண்ணப்பங்களில், "பிள்ளைக்குத் தாடை ஆபரேஷன்" என்று எழுதியிருப்பதை எப்போதாவது பார்க்கிறோம். செலவைக் கணக்கிடுகிறவர்கள் ஈறைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் இதை எழுதுகிறோம்.

கீழ்த்தாடை அதிகமாய் நீண்டுவிட்டால் கிளிப் மட்டும் போதாது. வளர்ச்சி நின்றபின் எலும்பை வெட்டி, நகர்த்தி, சிறு தகடுகளால் பொருத்துகிறார்கள். 1849-ல் அமெரிக்காவில் ஹல்லிஹென் என்பவர், தீக்காயத் தழும்பால் தாடை கோணிய ஒரு பெண்ணுக்கு இவ்வகைச் சிகிச்சையை முதன்முதலில் செய்தார்.

இக்காலத்தில் அறுவைக்கு முன் ஒரு வருடமோ அதற்கு மேலோ கிளிப் போடுவதுண்டு. உள்பக்கம் சாய்ந்த கீழ் முன்பற்களை முன்னே தள்ளுவார்கள். அப்போது முகம் முன்னிலும் விகாரமாய்த் தோன்றும், தாய்மார் கலங்குகிறார்கள். அது எதிர்பார்த்ததுதான். கவலைப்பட வேண்டியது வேறொன்று. அந்தப் பற்களுக்கு முன்னால் எலும்பு மெல்லியது. அளவுக்கு மீறித் தள்ளினால் ஈறு கீழிறங்கி வேர் வெளிப்படும். இறங்கிய ஈறு தானாக ஏறாது.

கிளிப்பைச் சுற்றி உணவும் அழுக்கும் தங்கி ஈறு வீங்கும். நம் மலைக் குளிரில் காலையில் தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது என்று அரைகுறையாய்த் துலக்குகிறவர்கள் அநேகர். வெதுவெதுப்பான நீர் போதுமே! ஏற்கெனவே எலும்பு கரைந்து பல் ஆடுகிறவருக்கு, நோயை அடக்காமல் கிளிப்பால் நகர்த்தினால் மீதி எலும்பும் போகும். சர்க்கரை வியாதி ஆபத்தைக் கூட்டும். புகைப்பவர் ஈறில் ரத்தக்கசிவு குறைவாயிருக்கும், ஆகையால் நோய் மறைந்திருக்கும்.

மேல்தாடையைத் துண்டுகளாக வெட்ட நேர்ந்தால் வாள் இரு வேர்களுக்கிடையே செல்லும். வேர்கள் நெருங்கியிருந்தால் அங்கே எலும்பும் ஈறும் சேதமாகலாம். முன்கூட்டியே வேர்களை விலக்கி வைப்பது இதற்காகவே. பின்பு சில வாரங்கள் கஞ்சி ஆகாரம். வீக்கம், உதட்டில் மரத்தல், தாடைகளைப் பிணைக்கும் ரப்பர். பிரஷ் உள்ளே போகாது. மருத்துவர் தரும் கொப்பளிப்பு மருந்தும் சிறு பிரஷும் அந்நாட்களில் அவசியம்.

சிகிச்சைக்காகக் கோயம்புத்தூருக்கோ வேலூருக்கோ போகும் எஸ்டேட் குடும்பம், மலையிறங்குமுன் ஈறைப் பரிசோதித்து, காரை எடுத்துக்கொள்ளட்டும். விண்ணப்பத்தில் கையெழுத்திடும் போதகர்மார், "ஈறு பார்த்தாயிற்றா?" என்று கேட்கும்படி வேண்டுகிறோம். கிளிப் கழற்றியபின் கீழ்ப்பற்களின் உள்பக்கம் ஒட்டும் கம்பியிலும் காரை சேரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவதற்கான பஸ் கட்டணத்தையும் உதவித்தொகையில் சேர்த்துக்கொள்ளலாம்.