எந்திரக் கடனும் வீட்டுப் பத்திரமும்

நாடுகளின் தனியார் முதலீட்டை ஒப்பிடுபவர்கள், கட்டடத்துக்கும் எந்திரத்துக்கும் போட்ட பணம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். இந்தியக் கணக்கில் அந்தப் பணம் இரண்டாகப் பிரியும்: கம்பெனிகள் போட்டது, குடும்பங்கள் போட்டது. திருவேங்கடம் வட்டாரத்தில் ஒருவர் தன் பெயரில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தி, கடனில் எந்திரம் இறக்கினால், அது குடும்பக் கணக்கில்தான் சேரும். அவர் கட்டிய வீடும் அதே வரிசையில் இருக்கும். லிமிடெட் கம்பெனி நொடித்தால் பங்குதாரருக்குப் போட்ட பணத்தோடு நஷ்டம் நிற்கும். தனிநபர் தொழில் நொடித்தால் குடியிருக்கும் வீடும் போகலாம். சதவீதத்தைவிட இதைத்தான் முதலில் ஒப்பிட வேண்டும்.

இலங்கையில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. வங்கியின் இயக்குநர் சபை தீர்மானம் போட்டால் போதும், நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை ஏலம் விடலாம். பராட்டே என்பார்கள். 2022 ஏப்ரலில் அந்நாட்டு மத்திய வங்கி தன் வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. கடனில் தொழில் போட்டவர்கள் திணறிப்போனார்கள். 2024-ல் நாடாளுமன்றம் அந்த அதிகாரத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. அதற்கு முன்பே, 2011 திருத்தம் 50 லட்சம் இலங்கை ரூபாய்க்குக் குறைந்த கடன்களை விலக்கியிருந்தது.

நம்முடைய 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டமும் வங்கிக்கு அதே அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் பாக்கி 1 லட்சம் ரூபாயைத் தாண்டினாலே வங்கி அதைக் கையில் எடுக்கலாம். சிறு முதலீட்டாளரைக் காப்பதில் இலங்கைச் சட்டத்துக்கு இருக்கும் இரக்கம் நம் சட்டத்துக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

விவசாய நிலத்தை இச்சட்டம் தொடாது. அதை நம்பிப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பட்டாவில் புஞ்சை என்று இருந்து, மேலே ஷெட் போட்டிருந்தால் அந்த நம்பிக்கை உதவாது. நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்பதையே உச்ச நீதிமன்றம் 2018-ல் அளவுகோலாக வைத்தது.

தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன். பிறகு 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். அதைப் பிரிக்காமல் பரணில் போடுவதுதான் பெரிய ஆபத்து. எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல வங்கி கடமைப்பட்டது. கடைசி நேரத்தில் பணம் புரட்டி ஏலத்தன்று கட்டிவிடலாம் என்று எண்ணுவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2016 திருத்தத்துக்குப் பின், முழுப் பாக்கியையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். உச்ச நீதிமன்றமும் 2023-ல் அதை உறுதி செய்துவிட்டது.

இந்த நிலைக்கு வருமுன்னே வழி இருக்கிறது. இலவசமான உத்யம் பதிவு வைத்திருப்பவர், தொழில் தள்ளாடத் தொடங்கியதும் தகுந்த ஆவணங்களோடு மறுசீரமைப்பு கேட்டு வங்கிக்கு விண்ணப்பிக்கலாம். 25 கோடி ரூபாய் வரையிலான சிறு, நடுத்தரத் தொழில் கடன்களை இதற்கான குழு பரிசீலிக்க வேண்டும் என்பது 2015 முதல் உள்ள விதி. வாய்ப்பேச்சில் கேட்டதற்குச் சாட்சி இருக்காது. ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும்போதே கேட்க வேண்டியதும் உண்டு. குறு, சிறு தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரை (2026 ஏப்ரலுக்கு முன் 10 லட்சம்) சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வீட்டுக் கடன் போன்ற தனிநபர் கடன் என்றால், தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரம் திரும்ப வர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. தொழில் கடனுக்கு என்ன கெடு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வீடு மனைவி பெயரில் இருந்து அவரும் ஜாமீன் போட்டால், கடனாளிக்குள்ள அதே பொறுப்பு அவருக்கும் வந்துவிடும். அவருக்குப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்காதீர்கள்.

வங்கி சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கையில் இறங்கிவிட்டால், 45 நாளுக்குள் மதுரையிலுள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். ஜாமீன் போட்ட பெண்ணும் செய்யலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். அழைக்க வேண்டிய எண் 15100.