நடை இழந்ததென்று கைவிடலாமா?

தருமபுத்திரர் தம்மைப் பின்தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தார் என்று மகாபாரதம் கூறும். அக்கதையைக் கேட்டுத் தலையசைப்பது எளிது. நம் வீட்டு நாய் பின்னங்கால்கள் வழங்காது விறாந்தையிலே கிடக்கும்போது அந்த அறத்தைக் கைக்கொள்வது அத்துணை எளிதன்று. அத்தகைய சோதனையொன்று அண்மையில் எங்கள் இல்லத்தில் நேர்ந்தது. அதனால் நாம் அறிந்துகொண்டவை குடும்பத்தார்க்கும் மாணவர்க்கும் பயன்படுமென்று கருதி இங்கு எழுதுகின்றேன்.

எங்கள் நாய் நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட டாஷ்ஹண்ட் இனத்தது, வயது ஐந்து. ஒருநாட் காலை அணிலொன்றைக் கண்டு கட்டிலிலிருந்து பாய்ந்தது. பகல் முழுவதும் முதுகை வளைத்துக்கொண்டு ஒரு மூலையில் நடுங்கி நின்றது, தூக்கினால் கத்தியது. மாலையில் பின்னங்கால்களைச் சீமெந்துத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தது. பார்க்க வந்தவர்களுட் சிலர், இனி இது தேறாது, ஊசி போட்டுத் துன்பத்தை முடித்துவிடுங்கள் என்றனர். வேறு சிலர் நல்லெண்ணெய் பூசி முதுகை உருவி விடுமாறு கூறினர்.

பக்கத்து வளவிலுள்ள அம்மையார் மட்டும் அவ்வாறு கூறவில்லை. 2009 ஆம் ஆண்டு முடிவுற்ற போரிலே முள்ளந்தண்டிற் காயமுற்று நடை இழந்த தம் மகனைப் பராமரித்து வருபவர் அவர். “கால் வழங்கயில்லையெண்டு சீவனை எடுக்கிறதோ, சேர்? முதல்ல டொக்டரிட்டக் காட்டுங்கோ” என்றார். மனிதரின் துயரத்தோடு நாயின் நோவை ஒப்பிட எமக்கு நா எழாது. ஆயினும் அவரே அவ்வாறு சொன்னபின் மறுமொழி கூற எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இந்நோயின் காரணத்தைச் சிறிது நோக்குவோம். நாயின் கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்பில் 7 என முள்ளென்புகள் அமைந்துள்ளன. அவற்றின் இடையிடையே மெத்தை போன்ற தட்டுகள் உண்டு. ஒவ்வொரு தட்டும் வெளியே உறுதியான நார்வளையமும் உள்ளே களி போன்ற மென்பொருளும் கொண்டது. நுங்கை நினைத்துக்கொண்டால் இவ்வமைப்பு எளிதில் விளங்கும். டாஷ்ஹண்ட் போன்ற இனங்களிலே உள்ளிருக்கும் மென்பொருள் ஒன்றிரண்டு வயதுக்குள்ளேயே நீர்வற்றி இறுகிச் சுண்ணம் படியத் தொடங்குகின்றது. பின்பு ஒருநாள் நார்வளையம் கிழிய, இறுகிய பொருள் மேலே பிதுங்கி முண்ணாணை நெரிக்கின்றது. மார்பும் இடுப்பும் கூடுமிடத்திலேயே இது மிகுதியாக நிகழும். ஆகவே, கட்டிலிலிருந்து பாய்ந்தமை இறுதி ஏதுவேயன்றி மூலகாரணம் அன்று.

சுவீடன் நாட்டு அறிஞர் ஹான்சன் 1952 ஆம் ஆண்டிலே, தட்டு வெடித்துப் பிதுங்கும் வகையையும் முதுமையில் மெல்லப் புடைக்கும் வகையையும் வேறுபிரித்துக் காட்டினார். 2017 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 12 ஆம் நிறமூர்த்தத்தில் மிகைப்படியாக அமைந்த ஒரு பரம்பரையலகு இந்நோயோடு தொடர்புடையதென வெளியிட்டனர். வளைக்குள் நுழைந்து வேட்டையாடுவதற்கென மனிதர் குட்டைக்காலை விரும்பித் தெரிந்து இவ்வினத்தை வளர்த்தனர். அதன் கேட்டை இன்று நாய் அனுபவிக்கின்றது. டாஷ்ஹண்ட் நாய்களுள் நாலைந்தில் ஒன்றை வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய் பற்றும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பின்னங்கால் வழங்காத நாய்க்கெல்லாம் தட்டு நோய் என்று முடிவு செய்தலாகாது. நம் வன்னிப் பகுதியிலே பாம்புக் கடியாலும் கால்கள் சோரலாம். விசர் நோயும் சிலவேளை வெறியின்றி வாதமாகவே தோன்றும். தடுப்பூசி ஏற்றப்படாத நாயாயின், அதன் வாயருகே கை கொண்டு செல்லாது, உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

நாம் நாயை ஒரு பலகையிற் கிடத்தி, ஓட்டோவிலே கால்நடை வைத்தியரிடம் கொண்டுசென்றோம். அவர் பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். கால் பின்னிழுத்தது, நாம் மகிழ்ந்தோம். “அது போதாது” என்றார் அவர். மூளைக்குச் செய்தி எட்டாதபோதும் கால் தானாகவே பின்னிழுக்குமாம். நாய் தலையைத் திருப்பிக் கத்துகின்றதா என்பதே உண்மையான சோதனை. இரண்டாம் முறை அழுத்தியபோது அது திரும்பிக் கத்தியது. அந்தக் கத்தலைப்போல் இனிய ஓசையை நாம் அண்மையிற் கேட்டதில்லை.

இவ்வுணர்ச்சி எஞ்சியுள்ள நாய்களுக்குச் சத்திர சிகிச்சை செய்தால், பத்தில் ஒன்பது மீண்டும் நடக்கும். உணர்ச்சி அற்றவற்றுள் ஏறத்தாழப் பாதியே நடக்கும். அவற்றிற்குக் காலதாமதம் கேடு. பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலை கிளிநொச்சியிலிருந்து சுமார் 250 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அப்பயணமும் செலவும் எல்லோர்க்கும் இயல்வதன்று. உணர்ச்சி எஞ்சியுள்ள நாய்களுட் பல, கடுமையான ஓய்வினாலும் தேறுவதுண்டு என வைத்தியர் கூறினார். நோய் மீண்டும் வரக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை. நிலை மோசமாயின் அன்றே பேராதனைக்குப் புறப்படுவது என்ற தீர்மானத்துடன் நாம் ஓய்வைத் தெரிந்தோம்.

ஓய்வென்பது விறாந்தையிற் படுக்கவிடுவதன்று. நாய் நிமிர்ந்து நிற்கவும் திரும்பவும் படுக்கவும் மட்டும் இடமுள்ள கூட்டிலே நான்கு வாரம் அடைத்து வைத்தல். பழைய மரப்பெட்டியும் கோழிக்கூட்டு வலையும் எமக்குப் போதுமாயின. வெளியே எடுக்கும்போது ஒரு கையை நெஞ்சின் கீழும் மறு கையைப் பின்புறத்தின் கீழும் கொடுத்து, முதுகு வளையாமல் தூக்கவேண்டும். எண்ணெய் தேய்த்து உருவுதல் பிதுங்கிய பொருளை மேலும் தள்ளக்கூடும். மனிதர்க்குரிய நோவு மாத்திரைகளை ஒருபோதும் கொடுத்தலாகாது. இபுபுறூபன், டைக்ளோபினாக் முதலியன நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். வைத்தியர் தரும் மருந்து நோவைத் தணித்ததும் நாய் ஓட முயலும். அப்போதுதான் கூட்டின் கதவை இறுகப் பூட்டவேண்டும்.

மிகக் கடினமானது சிறுநீர் விடயம். தானாகக் கழிக்க இயலாத நாய்க்கு, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை அடிவயிற்றை மெல்ல அழுத்திச் சிறுநீரை வெளியேற்றவேண்டும். செய்முறையை வைத்தியர் காட்டித் தந்தார். பொறுமையைக் கற்றுத் தந்தவர் பக்கத்து வளவு அம்மையாரே. நாலு மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தலையும், படுக்கைப்புண் தோன்றுமுன் தோல் சிவப்பதைக் கண்டுகொள்ளுதலையும் அவரிடமே எம் பிள்ளைகள் கற்றனர். எந்தப் பாடநூலிலிருந்தும் அவர் இவற்றைக் கற்றவரல்லர்.

ஒன்பதாம் நாள் வால் அசைந்தது. மூன்றாம் வாரம், வயிற்றின் கீழ் துவாயொன்றைக் கொடுத்துத் தாங்க, எழுந்து நின்றது. ஆறாம் வாரம் தள்ளாடி நடந்தது. இன்றும் திரும்பும்போது பின்புறம் சற்றுச் சாய்கின்றது. வழுக்கும் தரையிலே சாக்கு விரித்துள்ளோம். கழுத்துப் பட்டிக்குப் பதிலாக நெஞ்சுப் பட்டி அணிவித்துள்ளோம். உடல் பருக்காதவாறு சோற்றைக் குறைத்துள்ளோம். கட்டிலில் ஏற இனி அதற்கு அனுமதியில்லை.

எல்லா நாய்களும் இவ்வாறு தேறுமென்று கூறுவதற்கில்லை. சில, சிறு சக்கர வண்டியின் துணையோடு வாழ்கின்றன. தணிக்கவியலாத நோவினால் வருந்தும் சிலவற்றிற்கு இறுதி ஊசியும் கருணையேயாகும். ஆனால் அம்முடிவு வைத்தியர் பரிசோதித்தபின் எடுக்கப்பட வேண்டியது. முதல்நாள் மாலை விறாந்தையிற் கூடியவர்களின் பேச்சினால் எடுக்கப்பட வேண்டியதன்று.

மாலைதோறும் எங்கள் நாய் வேலிப் பொட்டால் நுழைந்து பக்கத்து வளவுக்குப் போகின்றது. அங்கே அம்மையாரின் மகனது சக்கர நாற்காலியருகே படுத்துக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்திலேயே வீடு திரும்புகின்றது.