கொள்ளைநோய் பரவத் தொடங்கும் வேளை: முகக்கவரியும் கித்தாப்பாலும்

2020ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் சீனப் புத்தாண்டு. புக்கிட் மெர்தாஜாம் பட்டணத்துக் கடைவீதிகள் சிவப்பு விளக்குகளால் ஒளிர்ந்து கொண்டிருந்த அதே நாளில், கொரோனா கிருமித் தொற்று நம் நாட்டிற்குள்ளும் வந்துவிட்டது என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. சிங்கப்பூர் வழியாக ஜொகூருக்கு வந்திருந்த சீன நாட்டுப் பயணிகளிடம் அது கண்டறியப்பட்டது. வடக்கே செபராங் பிறையில் வாழ்ந்த நமக்கு அச்செய்தி எங்கோ தொலைவில் இடி முழங்கியதைப் போலத்தான் கேட்டது. பிப்ரவரி நடுப்பகுதிக்குள் நாட்டில் 22 பேருக்கு நோய் கண்டது. பின்னர்ப் பதினொரு நாள்கள் புதிய நோயாளி ஒருவரும் இல்லை. நோய் வந்த வழியே போய்விட்டது என்றே பலரும் எண்ணினர். மார்ச் 18ஆம் நாளோ நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் அடங்கி, வீட்டுக்கதவுகள் சாத்தப்பட்டன. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்தில் நிகழ்ந்தது என்ன என்பதைத் தெரிந்துகொள்வது தோட்டத்தில் வாழும் நம் அனைவருக்கும் தேவையானது. ஏனெனில் இத்தகைய நோய் இன்னொரு பெயரில் இன்னொரு முறை வரக்கூடும்.

ரப்பர் மரத்தோடு பழகியவர்களுக்கு இதனை விளக்குவது கடினமன்று. வெண்வேர் நோய் கண்ட மரத்தை நீங்கள் அறிவீர்கள். மேலே இலை பசுமையாகத்தான் இருக்கும்; பாலும் வடியும். மண்ணுக்கடியிலோ வெண்ணிற இழைகள் வேரைப் பற்றிக்கொண்டு, அடுத்த மரத்தின் வேரையும் தொட்டிருக்கும். இலை மஞ்சளிக்கும்போதுதான் நமக்குச் செய்தி கிடைக்கிறது. அதற்குள் பக்கத்து மரத்திற்கும் நோய் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவேதான் மஞ்சளித்த மரத்தை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதில்லை. சுற்றிலும் பள்ளம் வெட்டி, பசுமையாக நிற்கும் அண்டை மரங்களின் வேரையும் தோண்டிப் பார்க்கிறோம்.

கோவிட்-19 நோயும் இவ்வகையினதே. கிருமி உடலில் புகுந்தபின் காய்ச்சலும் இருமலும் தோன்றச் சராசரியாக ஐந்து அல்லது ஆறு நாள்கள் ஆகின்றன. சிலருக்குப் பதினான்கு நாள்கள்கூட ஆகலாம். காய்ச்சல் தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்னரே அவர் மூச்சிலும் பேச்சிலும் கிருமி வெளிப்படத் தொடங்கிவிடுகிறது. நன்றாக இருக்கும் மனிதரைப் பதினான்கு நாள் வீட்டில் இரு என்று சுகாதார அதிகாரிகள் சொன்னபோது, அநியாயம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அந்தப் பதினான்கு நாள்தான் மரத்தைச் சுற்றி வெட்டும் பள்ளம்.

கணக்கையும் சற்றுப் பார்ப்போம். தொடக்க காலத்தில் தடுப்பு ஏதுமில்லாத இடத்தில், ஒரு நோயாளி இரண்டு மூன்று பேருக்கு நோயைக் கொடுத்தார். மூன்று என்றே வைத்துக்கொள்வோம். ஒருவரிடமிருந்து மூவர், மூவரிடமிருந்து ஒன்பதின்மர், அடுத்த சுற்றில் 27, அதற்கடுத்து 81, ஐந்தாம் சுற்றில் 243. ஒரு சுற்றுக்கு ஆறு நாள் என்றால், ஐந்து சுற்றுக்கும் ஒரு மாதம்தான். ஒரு நடுத்தரத் தோட்டத்தின் பிரட்டுக்களத்தில் நிற்கும் அத்தனை பேரும் அதற்குள் அடங்கிவிடுவர். அதே கணக்கில் மூன்றை ஒன்றாகக் குறைத்துவிட்டால், ஐந்து சுற்றுக்குப் பிறகும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒருவர்தான். கூடல் இடைவெளி, முகக்கவரி, கைகழுவுதல் என்று ஓயாமல் சொல்லப்பட்டதெல்லாம் அந்த மூன்றை ஒன்றிற்கும் கீழே இறக்குவதற்காகத்தான்.

இங்கே நம் பண்பாட்டைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேசவேண்டும். அவ்வாண்டு தைப்பூசம் பிப்ரவரி 8ஆம் நாள் வந்தது. பினாங்குத் தண்ணீர்மலைக்குச் செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் சென்றோம், காவடி எடுத்தோம், தண்ணீர்ப் பந்தலில் தோளோடு தோள் உரசி நின்றோம். தீங்கு ஏதும் நேரவில்லை. மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி இறுதியில் கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங்கில் நடைபெற்ற சமயக் கூட்டத்தில் ஏறத்தாழ 16,000 பேர் கூடினர். அத்தொடரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று கண்டது. அது எந்தச் சமயத்தின் குற்றமும் அன்று. நாட்காட்டி சற்று மாறியிருந்தால் அந்தக் கூட்டம் நம்முடையதாகவே இருந்திருக்கும். நாம் தப்பியது பக்தியின் மேன்மையால் என்று சொல்லிக்கொள்வதைவிட, நாள் நம் பக்கம் இருந்தது என்று சொல்வதே நேர்மை.

அதன்பின் கூடும் இடமெல்லாம் அடங்கின. ஜூலை 26ஆம் நாளை ஒட்டிப் புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன் தேவாலயத்தில் ஆண்டுதோறும் மெழுகுவர்த்தி ஏந்தித் திரளும் பெருங்கூட்டத்திற்கு 2020இல் வழியில்லாமற் போயிற்று. தமிழ்க் கிறிஸ்துவர்கள் மட்டுமன்றி இந்துக்களும் சீனரும் செல்லும் திருவிழா அது. 2021 ஜனவரி 28ஆம் நாள் வந்த தைப்பூசத்தில் பினாங்கில் இரத ஊர்வலமும் இல்லை, காவடியும் இல்லை. இறந்தவரைப் பார்க்க ஊரே கூடுவது நம் வழக்கம். அந்தக் கடைசி மரியாதையைக்கூட ஒருசிலர் மட்டும் தள்ளி நின்று செய்ய நேர்ந்தது. எல்லாக் கட்டுப்பாடுகளிலும் மக்கள் மனத்தை மிக வருத்தியது இதுவே என்பது நம் எண்ணம்.

தோட்டமக்களுக்குப் பெருந்தொற்று புதிதன்று. 1918ஆம் ஆண்டின் பிற்பகுதியில், முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், ஸ்பானிய சளிக்காய்ச்சல் என்று வழங்கப்பட்ட நோய் மலாயாவுக்குள் புகுந்தது. மலாயாவில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. இந்தியாவில் மாண்டோர் கோடிக்கும் மேல். தோட்டங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. ஒரே கூரையின்கீழ் அறை அறையாகத் தடுத்த லயம், ஓர் அறையில் ஒரு குடும்பம், ஒரே தண்ணீர்த் தொட்டி, அரைவயிற்று உணவு: காற்றில் பரவும் நோய்க்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அன்று தடுப்பூசி இல்லை. நோய்க்குக் காரணம் ஒரு வைரசு என்பதும் தெரியாது. அது உறுதியானது 1933ஆம் ஆண்டில்தான்.

ஆனால் அதற்கும் முன்னரே, மூச்சு வழியே பரவும் நோயைத் துணியால் தடுக்கலாம் என்று காட்டியவர் நம் பினாங்கு மண்ணில் பிறந்தவர் என்பதைப் பலர் அறியார். டாக்டர் வூ லியன் தே 1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தையார் சீனாவிலிருந்து வந்து நகைத் தொழில் செய்தவர். மகன் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் பயின்று, அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றார். திரும்பி வந்து ஜார்ஜ்டவுனில் மருத்துவத் தொழில் நடத்தியபோது அபினிப் பழக்கத்தை எதிர்த்துப் போராடினார்.

1910ஆம் ஆண்டு டிசம்பரில், வட சீனாவின் மஞ்சூரியாவில் கொடிய கொள்ளைநோய் தோன்றியபோது, சீன அரசு அவரை ஹார்பின் நகருக்கு அனுப்பிற்று. வயது முப்பத்தொன்று. உறைபனிக் குளிர். மக்கள் இரத்தம் கக்கி ஓரிரு நாளில் இறந்துகொண்டிருந்தனர். எலியும் தெள்ளுப்பூச்சியும் கொண்டுவரும் பிளேக் என்றே மருத்துவ உலகம் அதுவரை நம்பியிருந்தது. இறந்த பெண்ணொருத்தியின் உடலை அறுத்து ஆராய்ந்த டாக்டர் வூ, இது நுரையீரலைப் பற்றும் பிளேக். எலியின்றியே மனிதர் மூச்சிலிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று துணிந்து கூறினார். மெல்லிய காஸ் துணிகளுக்கிடையே பஞ்சை வைத்து முகக்கவரி செய்து, மருத்துவரும் தாதியரும் பிணம் தூக்குவோரும் அணியவேண்டும் என்று வற்புறுத்தினார்.

எல்லாரும் உடனே இணங்கிவிடவில்லை. மெஸ்னி என்ற அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் இளைஞரான டாக்டர் வூவின் சொல்லை ஏளனம் செய்து, முகக்கவரி அணியாமலே நோயாளிகளைப் பார்வையிட்டார். சில நாள்களில் அவரையும் அந்நோய் கொண்டுபோயிற்று. அதன்பின் யாரும் வாதாடவில்லை. இரயில் பயணம் கட்டுப்படுத்தப்பட்டது. நோயாளியோடு பழகியவர்கள் இரயில் பெட்டிகளில் தனித்து வைக்கப்பட்டனர். புதைக்க வழியின்றி உறைந்து கிடந்த உடல்கள் அரச அனுமதி பெற்று எரிக்கப்பட்டன. ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொண்ட நோய் சில மாதங்களில் அடங்கிற்று. டாக்டர் வூ பிற்காலத்தில் மலாயாவுக்கே திரும்பி ஈப்போவில் மருத்துவம் பார்த்து, 1960இல் பினாங்கில் காலமானார். 2020இல் நம்மிடம் சொல்லப்பட்டவற்றில், முகம் மூடுதல், பயணம் நிறுத்துதல், தனிமைப்படுத்துதல் ஆகிய மூன்றும் அவர் அன்றே செய்து காட்டியவை.

முகத்திற்குத் துணி, கைக்கு? இங்கேதான் நம் கித்தாப்பால் வருகிறது. 1889ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கிருமிநாசினி பட்டுக் கை புண்ணான தாதி ஒருவருக்காக, ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் மெல்லிய ரப்பர் கையுறை செய்து தருமாறு ஒரு ரப்பர் நிறுவனத்தைக் கேட்டார். தாதியின் கையைக் காக்கச் செய்யப்பட்ட கையுறை, நோயாளியையும் காப்பாற்றுகிறது என்பது பின்னரே புலனாயிற்று. 1980களில் எயிட்ஸ் நோய் பரவியபோது உலகமெங்கும் மருத்துவமனைகள் கையுறையை வேண்டி நின்றன. நம் நாட்டில் கையுறை ஆலைகள் பெருகியது அப்போதுதான். 2020இல் உலகம் பயன்படுத்திய கையுறைகளில் பாதிக்கும் மேற்பட்டவை மலேசியாவில் செய்யப்பட்டவை.

நீங்கள் அதிகாலையில் சேகரிக்கும் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். பால் உறையாதிருக்க அமோனியா சேர்த்து, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் இட்டு நீரைப் பிரித்து, ரப்பரின் அளவை நூற்றுக்கு அறுபதாக்குவர். அதனோடு கந்தகம் முதலிய பொருள்களைக் கலப்பர். பிறகு பீங்கானால் செய்த கை அச்சுகள் வரிசை வரிசையாகச் சங்கிலியில் தொங்கியபடி வந்து, முதலில் பாலை உறையவைக்கும் உப்புக் கரைசலிலும், அடுத்துப் பாலிலும் முங்கி எழும். வெந்நீரில் கழுவி, சூட்டடுப்பில் பதப்படுத்தி, அச்சிலிருந்து உரித்தால் கையுறை.

ஆனால் உண்மையை மறைக்கலாகாது. உலகம் கையுறைக்குத் தவித்து, அதன் விலை பன்மடங்கு ஏறிய அந்த ஆண்டில், பால் வெட்டும் நம்மவரின் கைக்கு அந்தச் செல்வம் வந்து சேரவில்லை. 2020 ஏப்ரலில் ரப்பர் விலை வீழ்ந்தே கிடந்தது. காரணம் இரண்டு. இயற்கைப் பாலில் உள்ள புரதம் சிலர் தோலுக்கு ஒவ்வாமையால், பெட்ரோலியத்திலிருந்து செய்யும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர்க் கையுறை முந்திக்கொண்டுவிட்டது. மேலும், நம் நாட்டில் பெரும்பாலோர் பாலை மங்கிலேயே உறையவிட்டுக் கட்டிப்பாலாக விற்கின்றனர். கையுறைக்கு வேண்டியது உறையாத பால். ஆகவே ஆலைகள் அதனைப் பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து வரவழைத்தன. திரவப் பாலை அன்றன்றே சேர்த்து அனுப்பும் வசதி நம் வட்டாரங்களில் மீண்டும் பெருகினாலன்றி இந்நிலை மாறாது.

தொழில்நுட்பம் வேறொரு வழியிலும் நம் வீட்டுக்குள் வந்தது. கடை வாசலில் மைசெஜாத்ரா செயலியைக் காட்டவேண்டிய காலம் அது. அச்செயலி மாயம் ஒன்றுமில்லை. யார், எந்நேரம், எவ்விடம் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளும் ஓர் ஏடு. கைத்தொலைபேசி இல்லாத பெரியவர்கள் வாசலில் இருந்த புத்தகத்தில் பெயரும் எண்ணும் எழுதினர். அதுவும் அதே பணியைச் செய்தது. பள்ளிகள் மூடப்பட்டபோதோ குறை வெளிப்பட்டது. மூன்று பிள்ளைகள், ஒரே தொலைபேசி. அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகு. ரப்பர் மரங்களுக்கு நடுவே உள்ள குடியிருப்புகளில் அலைவரிசை கிடைப்பதே அரிது. ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: அவ்விரண்டு ஆண்டுகளில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தவறிய சிறுவர்களை இன்றும் தேடிப் பிடித்துக் கற்பிக்க வேண்டியுள்ளது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் வெட்கப்படாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

அதே தொலைபேசியில் வதந்தியும் வந்தது. பூண்டு தின்றால் கிருமி சாகும், உப்புநீர் கொப்பளித்தால் தொண்டையிலேயே மடியும் என்று பரப்பினர். பூண்டு ரசம் நல்ல உணவு, தாராளமாகக் குடியுங்கள். அது கோவிட் கிருமியைத் தடுக்கும் என்பதற்கு மட்டும் சான்றில்லை. அன்றாடம் மாலையில் சுகாதாரத் தலைமை இயக்குநர் டான் ஸ்ரீ டாக்டர் நூர் ஹிஷாம் அப்துல்லா தொலைக்காட்சியில் எண்ணிக்கையை வாசித்தார். மனத்திற்கு உவப்பில்லாத எண்களாயினும், அவற்றைக் கேட்டவர்களுக்கு நிலைமை விளங்கிற்று.

தடுப்பூசி 2021 பிப்ரவரி 24ஆம் நாள் நம் நாட்டில் தொடங்கப்பட்டது. 2022 ஏப்ரல் முதல் நாள் நாடு வழக்க நிலைக்கு மாறத் தொடங்கிற்று; 2023 மே 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை முடித்துக்கொண்டது. அதற்குள் மலேசியாவில் 37,000 பேருக்கு மேல் இந்நோயால் மாண்டிருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் 2021ஆம் ஆண்டில் மாண்டவர்கள். முதியோர், நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உடையோர் இன்றும் இந்நோயால் கடுமையாகப் பாதிக்கப்படக்கூடும். நம் சமூகத்தில் நீரிழிவு மிகுதி என்பது தெரிந்ததே. இருமல் காய்ச்சலோடு இருப்பவர் அத்தகையோரின் அருகே செல்லும்போது முகக்கவரி அணிவது நலம். மறுமுறைத் தடுப்பூசி தங்களுக்குத் தேவையா என்பதை அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் அடையாள அட்டையுடன் சென்று கேட்டறியலாம்.