போனைத் திருப்பிக் காட்டிய பெண்

2021 மார்ச். அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்துப் போட்டிக்காக அணிகள் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் வந்து இறங்கியிருந்தன. ஆரிகன் பல்கலைக்கழக வீராங்கனை செடோனா பிரின்ஸ் டிக்டாக்கில் ஒரு வீடியோ போட்டார். ஒரு நிமிடம்கூட ஓடாது. பெண்களுக்கென்று ஒதுக்கிய உடற்பயிற்சி வசதி அதில் தெரிந்தது: டம்பெல்கள் அடுக்கிய ஒற்றை ஸ்டாண்டு. இண்டியானாபொலிஸில் ஆண்களுக்கோ ஒரு பெரிய கூடம் நிறைய எடைப் பயிற்சிக் கருவிகள். இடம் போதவில்லை என்று போட்டியை நடத்தும் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. காரணம் சொல்லியிருந்தது. செடோனா போனை அப்படியே திருப்பினார். பக்கத்திலேயே பரந்த தளம் காலியாகக் கிடந்தது.

ஓரிரு நாளில் அந்த இடத்துக்குக் கருவிகள் வந்து சேர்ந்தன. தனி விசாரணை நடந்தது. ஆண்கள் போட்டிக்கு மட்டுமே சூட்டியிருந்த 'மார்ச் மேட்னஸ்' என்ற பெயர் அடுத்த ஆண்டு பெண்கள் போட்டிக்கும் கிடைத்தது. புகார்க் கடிதம் எழுதிக் காத்திருந்தால் இது இவ்வளவு வேகத்தில் நடந்திருக்காது.

ஆனால் பிள்ளைகளின் கையில் இருக்கும் போனைப் பயிற்சியாளர்கள் நெடுங்காலம் பயத்தோடுதான் பார்த்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர் கார்டேல் ஜோன்ஸ், ஆட வந்தவர்களுக்கு வகுப்பு எதற்கு என்ற பொருளில் 2012-இல் ட்விட்டரில் எழுதிவிட்டார். அந்த ஒரு பதிவு பல ஆண்டுகள் அவரைத் துரத்தியது. தேசியக் கோப்பையை வென்று, 2017-இல் பட்டமும் வாங்கிய பிறகுதான் அவரே அதைச் சிரித்துக்கொண்டு நினைவுபடுத்த முடிந்தது. கிளெம்சன் பல்கலைக்கழகக் கால்பந்து அணியில், போட்டிக் காலம் முடியும்வரை வீரர்கள் சமூக ஊடகத்தில் எழுதுவதில்லை என்றே ஒரு வழக்கம் இருந்தது.

கவனம் சிதறும், வாய் தவறும் என்ற கவலை நியாயமானது. அதோடு பணமும் சேர்ந்துகொண்டதுதான் சிக்கல். சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியில் ஆடிய டொனால்ட் டி லா ஹே, தன் பயிற்சியையும் அன்றாட வாழ்க்கையையும் யூடியூபில் போட்டு விளம்பர வருமானம் பெற்றார். விளையாட்டு வீரர் என்ற அடையாளத்தைக் காட்டிச் சம்பாதிக்கக் கூடாது என்றது என்.சி.ஏ.ஏ. விதி. அவர் இணங்க மறுத்தார். 2017-இல் ஆடும் தகுதியும் கல்வி உதவித்தொகையும் பறிபோயின. இரண்டே ஆண்டில், அதே கல்லூரிக் கால்பந்தில், கிளெம்சன் பயிற்சியாளர் டாபோ ஸ்வின்னியோடு போட்ட 10 ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 9.3 கோடி டாலர். வீரர்களுக்கு மட்டும் பணம் கெடுதல் என்பதை எந்த இளைஞர் ஏற்பார்?

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் பழைய விதி தளர்ந்து, மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. டிக்டாக்கில் பிரபலமான கல்லூரிக் கூடைப்பந்து வீராங்கனைகள் ஹேலி, ஹன்னா கேவிண்டர் என்ற இரட்டைச் சகோதரிகள் அன்றே ஒரு செல்போன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்க விளம்பரப் பலகையில் அவர்கள் முகம் ஒளிர்ந்தது.

லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழக ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஒலிவியா டன்னின் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. அப்போது ஸ்டான்ஃபோர்டின் மூத்த கூடைப்பந்துப் பயிற்சியாளர் தாரா வான்டெர்வீர், அழகைக் காட்டிச் சம்பாதிக்கும் இந்தப் போக்கு பெண்களுக்குப் பின்னடைவு என்றார். அவர் முதலில் சேர்ந்த உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கென்று கூடைப்பந்து அணியே இல்லை. ஆட்டத்தால் மட்டுமே மதிக்கப்பட வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் உழைத்தவரின் வருத்தம் அது. பழம்பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. டன்னின் தலைமுறையோ, தன் உடலும் உருவமும் தனக்குச் சொந்தம், அதன் வருமானமும் தனக்கே என்கிறது. ஆடுகள உடையில் தன் படத்தைப் போட்டு, இது அதிகமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

2023 ஜனவரியில் யூட்டாவில் நடந்த போட்டிக்கு டன்னைப் பார்க்கவென்றே இளைஞர் கூட்டம் திரண்டது. மற்ற வீராங்கனைகள் ஆடும்போதும் அவர் பெயரைக் கத்தினார்கள். போட்டி முடிந்து வெளியேயும் காத்து நின்றார்கள். மற்ற வீராங்கனைகளை மதியுங்கள் என்று டன் தன் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். அணியின் பயிற்சியாளர் ஜே கிளார்க் யாருடைய போனையும் வாங்கி வைக்கவில்லை. வெளியூர்ப் பயணங்களில் அணியோடு பாதுகாவலரும் செல்ல ஏற்பாடு செய்தார்.