டூல் முனையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க

லேப்ல டர்னிங் பண்ணும்போது ஃபினிஷ் கெட்டுப் போனா நாம என்ன செய்வோம்? வேற டூல் கேட்டு வாங்கிப்போம். எங்க காட்டூர், பழவேற்காடு பக்கம் அந்த வசதி கிடையாது. படகோட ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சாயங்காலம் பட்டறைக்கு வந்தா, விடியறதுக்குள்ள ரெடியாகணும். இல்லன்னா அந்த வீட்டுக்கு ஒரு நாள் தொழில் போச்சு. லேத் அண்ணன்கிட்ட இருக்கிறது நாலஞ்சு எச்.எஸ்.எஸ். பிட், கொஞ்சம் கார்பைடு, ஒரு சாணை, அவ்வளவுதான்.

போன லீவுல அங்க நின்னு கத்துக்கிட்டதைச் சொல்றேன். சீக்கிரம் முடிக்கலாம்னு நான் ஸ்பீடை ஏத்தினேன். முனை நீலமாயிடுச்சு. எச்.எஸ்.எஸ். கிட்டத்தட்ட 600 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் தாங்கும், அதுக்கு மேல கடினத்தன்மை போயிடும். டெய்லர் 1907-ல வெளியிட்ட ஃபார்முலா ஞாபகம் இருக்கா? எச்.எஸ்.எஸ்.க்கு n சுமார் 0.125. கணக்குப் போட்டுப் பாருங்க: ஸ்பீடை 10% கூட்டினாலே டூல் ஆயுள் பாதிக்கும் கீழே போயிடும். எக்ஸாமுக்கு எத்தனையோ தடவை எழுதினது, அன்னிக்குத்தான் உறைச்சுது.

வெட்டும் விளிம்புக்குக் கீழே, பக்கவாட்டுல பளபளன்னு ஒரு பட்டை தெரிஞ்சா அது ஃப்ளாங்க் வேர். வயசாகிற மாதிரி, எல்லா டூலுக்கும் வரும். ஷாஃப்ட் விட்டம் போகப் போகக் கூடுதுன்னா இதைச் சந்தேகப்படுங்க. பட்டை 0.3 மி.மீ. வந்தா சாணை பிடிக்கிற நேரம். மேல்பக்கம் குழி விழுந்திருந்தா க்ரேட்டர், அதாவது சூடு அதிகம். ஸ்பீடைக் குறைங்க.

எங்க பக்கத்து நிஜமான தலைவலி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உலோகம் முனையில ஒட்டிக்கிட்டு (பில்ட்-அப் எட்ஜ்), பிய்ச்சுக்கிட்டு வரும்போது முனையையும் கொஞ்சம் எடுத்துட்டுப் போகும். ஷாஃப்ட் சொரசொரன்னு ஆயிடும். கார்பைடா இருந்தா ஸ்பீடை ஏத்தினா சரியாகும். எச்.எஸ்.எஸ்.ல அது முடியாது, என் நீல முனைதான் சாட்சி. அதுல ரேக் கோணத்தைக் கூட்டி, முனையைக் கூர்மையாக்கி, கட்டிங் ஆயிலைத் தாராளமா விடணும். பயந்து பயந்து மெலிசா வெட்டவும் கூடாது. டூல் உரசினாலே அந்த மேற்பரப்பு இறுகிடும், அடுத்த வெட்டுக்கு இன்னும் கஷ்டம்.

முனை துண்டு துண்டா உடைஞ்சிருந்தா வேற கதை. உப்புத்தண்ணி அரிச்ச ஷாஃப்ட்ல குழி குழியா இருக்கும், ஒவ்வொரு குழியும் முனையில ஒரு அடி. டூல் ஹோல்டருக்கு வெளியே அதிகமா நீட்டிக்கிட்டு இருந்தாலும் அதிர்வுல உடையும். அண்ணன் முதல்ல பாக்கிறது அதைத்தான்: “எவ்ளோ நீட்டி வச்சிருக்க பாரு தம்பி!”

சாணையில ஒரு எச்சரிக்கை. கார்பைடுக்குப் பச்சை நிற சிலிக்கான் கார்பைடு கல் வேணும், சாதாரண கல்லு வேலைக்கு ஆகாது. சூடா இருக்கும்போது தண்ணியில முக்கினா விரிசல் விழும். எச்.எஸ்.எஸ்.ஸை மெதுவா, விட்டு விட்டுப் பிடிங்க. நீலமான இடத்தை முழுசாத் தேய்ச்சு எடுத்துட்டுத்தான் திரும்ப மாட்டணும். நான் கெடுத்த பிட்டுல அப்படி 3 மி.மீ. போச்சு. ஷாஃப்ட் ராத்திரி பதினோரு மணிக்கு முடிஞ்சுது.